மைனஸ் இருபத்திரண்டு

உருகுவது நல்லது என்றுதான்
எல்லோரும் சொல்கிறார்கள்.
மனம் உருக வேண்டுமாம், கல்லும் உருக வேண்டுமாம்.
நான் கெமிஜார்வி பள்ளிச் சமையலறையில்
பதினாறு வருடமாக வேலை செய்பவள்.
உறைந்தது கெடுவதில்லை.
கொதிக்கிறபோதும் கெடுவதில்லை.
உருகுகிற பொழுதில்தான் எல்லாம் கெடும்.

மேல்தோல் இளகி, உள்ளே எலும்போரம்
இன்னும் கல்லாகக் கிடக்கும் கலைமான் தொடையைச்
சமையல் மேடையில் வைத்துவிட்டு
ஓய்வா பனிச்சறுக்கக் கிளம்பிவிடுவார்.
"சாயங்காலத்துக்குள் பதமாகிவிடும், ஐரா."
பதமாகும். யாருக்கு என்பதுதான் கேள்வி.
கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு
இலை போட்டுவிட்டுப் போகிறார் மனிதர்.
நான் அதை எடுத்துக் குளிர்பெட்டியில்
கீழ்த்தட்டில், விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில் வைப்பேன்.
சொட்டினால் தாம்பாளத்தோடு போகட்டும்,
கீரையின் தலையில் வேண்டாம்.
ஓர் இரவு, ஒரு பகல், மறுபடி ஓர் இரவு.
இருபத்தேழு வருடத்தில்
நாங்கள் போட்ட சண்டையில் பாதி
அந்தத் தொடைக்கறியால்.

மீதி, ஸ்க்ரூடிரைவரால்.
பழைய ஃப்ரீசரில் படிந்த பனியைக்
குத்தி எடுக்கிறேன் என்று உட்கார்ந்தார் ஒருநாள்.
குளியலறையில் இருந்த எனக்குக் கேட்டது
பாம்பு மூச்சு விட்டதுபோல் ஒரு சீறல்.
குழாய் போனது, வாயு போனது, பெட்டி போனது.
ஜூலை மாதம்.
மாடிப்படி முழுக்க மீன்குழம்பு வாசம்.
நான்கு வீடுகள் எங்கள் வீட்டு மீனைத் தின்றன.
பதறாத காரியம் சிதறாது என்று
அன்று நான் சொல்லவில்லை.
சொன்னேன். இரண்டு முறை.

ஊர் வெயிலுக்குக் காத்திருக்க
நான் குளிருக்குக் காத்திருந்தேன்.
பள்ளி விடுமுறையில் இன்று வாய்த்தது:
உள்ளே பதினெட்டு, வெளியே இருபத்திரண்டு,
இரண்டுக்கும் முன்னால் மைனஸ்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
வடக்குப் பார்த்த பால்கனியில் அடுக்கினேன்:
மஞ்சள் சதுப்புப் பழம் ஆறு டப்பா,
தலையில்லாத மீன்கள், ஏலக்காய் ரொட்டி,
தேதி எழுதாத ஏதோ ஒன்று.
வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்து மூடி,
பழைய துண்டுகளைத் தரையில் விரித்துவிட்டு
காபியோடு உட்கார்ந்தேன்.
கத்தி இல்லை, உளி இல்லை.
அரைமணி கழித்து உள்ளிருந்து
டப்.
பிறகு இன்னொரு டப்.
கைப்பிடி கனத்துக்குச் சுவர்விட்டு விழுந்தது பனி.

அடியில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று.
மூடிமேல் கோணல் எழுத்து:
"உருண்டை. தொடாதே. இன்கெரி."

ஏழு வயதில், மே மாதக் கடைசிப் பனியை
உருட்டி உள்ளே வைத்தாள்.
ஜூலையில் வில்ஹோ வருவான்,
வெயிலில் நிற்கும்போது முதுகில் அடிப்பேன் என்றாள்.
வில்ஹோ அந்த ஜூலையில் வரவில்லை.
அவன் அப்பாவுக்கு ஸ்வீடனில் வேலை.
பழைய பெட்டி செத்தபோது
அடுத்த வீட்டில் இடம் கேட்டு
அழுதுகொண்டே காப்பாற்றிய உருண்டை.

துர்க்கூவுக்கு போன் போட்டேன்.
"எந்த உருண்டை?" என்றாள்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"ஐயோ அம்மா, அது இன்னுமா? தூக்கி எறி."

தூக்கி எறி என்றால் என்ன அர்த்தம் என்று
பால்கனியில் நின்று யோசித்தேன்.
கையுறைக்குள் அது பனி இல்லை இப்போது;
சுருங்கி, இறுகி, சாம்பல் நிறத்தில்
கோழிமுட்டை அளவு கண்ணாடி.
கீழே ஓய்வா,
குனிந்து சறுக்குக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
அகலமான முதுகு.

முதுகைக் குறிபார்த்தேன்.
மண்டையில் பட்டால் யார் ஆஸ்பத்திரிக்கு அலைவது?
குப்பைத்தொட்டிக்கு எறிந்தேன்.
மூடியில் விழுந்த சத்தத்தில்
அறுபது வயது மனிதர் ஒரு முழம் குதித்தார்.
உருண்டை தெறித்து எங்கோ விழுந்தது.
முற்றம் முழுக்க வெள்ளை. தேடினாலும் கிடைக்காது.

"என்ன அது?" என்று அண்ணாந்தார்.
"இன்கெரி அனுப்பியது."
"என்ன?"
"ஒன்றுமில்லை. மேலே வந்ததும்
தொடைக்கறியை வெளியே எடுக்காதீர்கள்.
நாளைக் காலை வரை கீழ்த்தட்டில் இருக்கட்டும்."